மச்சானைத் தூக்கிய படம்

"மோசஸு, ஒரு ஆளத் தூக்கணும்!"

ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பரசுராமன் இப்படிச் சொன்னால் பாவம், மோசஸ் என்ன செய்வான்? எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அண்ணே, நான் புள்ளகுட்டிக்காரன்."

"இவனத் தூக்குடா!" என்று தன் கல்யாணப் படத்தை எடுத்து மேஜையில் போட்டான் பரசுராமன்.

மோசஸுக்கு அப்பாடா என்றிருந்தது. கம்ப்யூட்டரில் ஃபோட்டோஷாப் போட்டதிலிருந்து அவனுக்கு இதே தொழில்தான். செத்துப்போனவருக்குக் கோட்டு மாட்டுவான். ஆரம்பாக்கம் தாண்டாதவரைத் தாஜ்மகால் முன்னால் நிறுத்துவான். உயிரோடு இருப்பவரைத் தூக்குவதா பெரிய விஷயம்?

படத்தில் மணப்பெண் அம்சவேணி. பக்கத்தில் மாப்பிள்ளை பரசுராமன், இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு. அவனை ஒட்டி அம்சவேணியின் தம்பி தசரதன், கண்ணை அகல விரித்துக்கொண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் தசரதன் இந்தப் படத்தைக் காட்டுவான். "பாருங்க, தாலி கட்டினதும் மாமா தூங்கிட்டாரு. இன்னும் ஏந்திரிக்கல!" வந்தவர்கள் சிரிப்பார்கள். அம்சவேணியும் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் வயிற்றெரிச்சல். கும்மிடிப்பூண்டி சிப்காட் இரும்பு மில்லில் பரசுராமன் ஒரு விசில் அடித்தால் கிரேனே நின்றுவிடும். வீட்டில் விசில் அடிக்கிற அதிகாரம் குக்கருக்கு மட்டும்தான்.

"வெள்ளிக்கெழம புது ஊட்டு கிரகப்பிரவேசம். இத பெருசு பண்ணி ஹால்ல மாட்டப்போறேன். நான் கட்டின ஊடு, என் செவுரு. அதுல அவன் இருக்கக் கூடாது. என் கண்ணு தொறந்திருக்கணும்."

"அவரத் தூக்கிட்டு ஒரு பூந்தொட்டி வெச்சிடலாம்ணா. கண்ணுதான் பேஜாரு. மூடின கண்ணு தானா தொறக்காது, வேற கண்ண எடுத்து ஒட்டணும். உக்காருங்க, இப்பவே உங்கள ஒண்ணு எடுத்துக்கறேன்."

எடுத்தான். மூடல். மறுபடி எடுத்தான். மறுபடியும் மூடல். உலைப் பொறிக்குச் சிமிட்டாத மனுஷன் ஃபிளாஷுக்குக் கதவடைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"அம்சா! உன் தம்பியத் தூக்கப்போறேன்!"

அம்சவேணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எங்க தூக்கிக்கினு போவீங்க? அவன் எம்பது கிலோ."

"படத்துலேர்ந்து! நீ அழுதாலும் சரி, உங்கம்மா ஊட்டுக்குப் போனாலும் சரி!"

"இது வெங்காயத்துக்கு அழுவறேன். தூக்குங்க."

"இன்னாது?"

"தூக்குங்கன்றேன். உங்க ஊடு, உங்க செவுரு. இன்னா தடங்கலு?"

"கண்ணு கெடைக்கல."

"நீங்க டூட்டிக்குப் போங்க. மோசஸ் தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்."

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் இந்த இடத்தில் உஷாராகியிருப்பான். பரசுராமனோ பெண்டாட்டியை அடக்கிவிட்ட தெம்பில் மேற்கொண்டு இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை பால் பொங்கியது. புது ஹாலில் சொந்தபந்தம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் தசரதன். சுவரில் துண்டு போர்த்திய பெரிய படம். பரசுராமனும் இன்னும் பார்க்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு துண்டை இழுத்தான்.

"பாருங்கப்பா!"

அம்சவேணி இருந்தாள். பூந்தொட்டி இருந்தது. நடுவில் மாப்பிள்ளை கண்ணை அகலத் திறந்து, ஊருக்கே உத்தரவு போடுகிறவன்போல நின்றான். பரசுராமனுக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷத்துப் பொருமலும் ஒரே மூச்சில் இறங்கியது.

"இன்னா மச்சான், உன்னியத் தேடுறியா? கீறியா பாரு!"

தசரதன் கிட்டே போய்ப் பார்த்தான். கோபப்படுவான் என்று பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

எதிர்வீட்டு ஞானம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வந்தாள். "ஏன் பரசு, இந்தக் கண்ண நான் எங்கியோ பாத்துக்கீறேனே?" படத்தைப் பார்த்தாள். தசரதனைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். "அட நைனா!"

பரசுராமன் எட்டிப் பார்த்தான். இடது கண்ணுக்குக் கீழே கடுகளவு ஒரு மச்சம். அவனுக்கு ஏது மச்சம்? மச்சானுக்குத்தான் மச்சம்!

ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது.

"அம்சா... இன்னாடி இது?"

"அதே படத்துக் கண்ணுன்னாதான் வெளிச்சம் ஒத்துப்போவும்னு மோசஸ் தம்பி சொல்லிச்சு" என்றாள் அம்சவேணி, கேசரித் தட்டை அவன் கையில் வைத்து. "ஏன் இப்படித் திருதிருன்னு முழிக்கிறீங்க? அங்க என் தம்பி எவ்ளோ அழகா முழிக்கிறான், பாத்துக் கத்துக்குங்க."