உருளைக்குப் பூசிய வண்டி மை

எண்ணிப் பார்த்துச் செய்தால் எதுவும் தப்பாது என்று இருபத்தாறு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்குச் செத்தது. அதற்குக் கொள்ளி வைத்தவனும் நானே.

ஆந்திரத்துக்கும் மதராசுக்கும் எல்லை பிரித்து முடிவான சமயம். நகரிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் நான் தமிழ் வாத்தியார். எங்கள் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. என் மனைவி கண்ணம்மாவின் ஊர் திருத்தணியோடு சேர்ந்து மதராசுக்குப் போயிற்று. அங்கே அவள் அம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. கண்ணம்மா ஒரே பெண். மதராஸ் பக்கம் வேலைக்குப் போக விரும்புகிற வாத்தியார்கள் பன்னிரண்டு நாளைக்குள் திருப்பதி ஆபீசுக்கு வந்து, அதிகாரி எதிரில் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று உத்தரவு வந்தது. கண்ணம்மா அன்றைக்கே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள்.

மறுநாளே ரயில் ஏறியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

என் தம்பி முனிரத்தினத்திடம் ஒரு மோட்டார் வைத்த சைக்கிள் இருந்தது. அவன் பயிர் வைக்கிறவன். எவரோ ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தது அது. பின் சக்கரத்துக்கு மேலே சின்ன மோட்டார். அதிலிருந்து ஓர் உருளை டயரை அழுத்தி உரசும். அந்த உரசலில்தான் எல்லாமே நடக்கும். (இதை அன்றைக்கு எவராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.) நாலு வருஷமாக வைக்கோல் போருக்குப் பின்னால் கிடந்தது. அதை உயிர்ப்பித்து, அதிலேயே திருப்பதி போய், அதிலேயே புது ஊருக்கும் குடிபோவது என்று தீர்மானித்தேன்.

பதினோரு நாள் ஆயிற்று. கழற்றிய உருப்படிகள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிக் கட்டினேன். பெட்ரோல் குழாயில் குளவிக்கூடு மூன்று. எட்டாவது நாள் கண்ணம்மா வந்து நின்றாள்.

"ரயிலு தெனம் போய்க்கினுதானே கீது? அதுல ஏறினா என்னா?"

"அது முக்கால் மணி லேட்டாக வரும்," என்றேன். (எட்டு நாள் லேட்டானதை நான் எண்ணவில்லை.)

நாற்பத்தொன்றையும் திரும்ப மாட்டினேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓட்டிப் பார்க்க நாளும் மிஞ்சவில்லை. கடைசி நாள் காலையில் முனிரத்தினம் ஒரு கொட்டாங்கச்சி நிறைய, மாட்டுவண்டி அச்சுக்குப் போடும் கருப்பு மையோடு வந்தான்.

"சுத்துறதுக்கெல்லாம் மை போடணும் ணா. நைனா போடாம வண்டி கட்டுவாரா?"

நியாயமாகப் பட்டது. உருளைக்கு மூன்று பூச்சு பூசினேன்.

உருளை டயரில் வழுக்கியது. வழுக்கினால் மோட்டார் சுற்றாது, சுற்றாவிட்டால் கிளம்பாது. இதோ கிளம்பும், இதோ கிளம்பும் என்று, செத்த மோட்டாரைச் சுமந்துகொண்டு புத்தூர் வரை பத்து மைல் மிதித்தேன். முனிரத்தினம் தன் சாதா சைக்கிளில் முன்னால் போய், மூன்று இடத்தில் எனக்காகக் காத்திருந்து, மூன்றாவது இடத்தில் தூங்கியே போயிருந்தான்.

புத்தூருக்குச் சற்று முன்னால் ஓர் இறக்கம். கோபத்தில் ரெண்டு கை புழுதி அள்ளி உருளைமேல் அப்பிவிட்டு ஏறினேன். புழுதி மையோடு சேர்ந்து பற்றிக்கொண்டது. மோட்டார் அலறியது. வேகப்பிடி முழுசாகத் திறந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அறுபது கஜம் ஓடியிருக்கும். அதன்பின் வண்டி ஒரு புளியமரத்தடியில் கிடந்தது. நான் அதற்கு அப்பால் கிடந்தேன். வலது மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்தது.

கை ஒடித்துக்கொள்ள அதைவிட வசதியான ஊர் கிடையாது. நாடே எலும்புக்கட்டுக்குப் புத்தூர் வருகிறது. நான் மட்டும் ஊருக்குள் நடந்தே போனேன். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கட்டினார்கள். பதினைந்து நாள் பிரிக்கக்கூடாது என்றார்கள்.

தம்பியும் நானும் பஸ் பிடித்துத் திருப்பதி போய்ச் சேர்ந்தபோது மணி நாலு பத்து. அதிகாரி உள்ளே இருந்தார். குமாஸ்தா என் கட்டைப் பார்த்தார்.

"அய்யோ மாஸ்டாரு! பர்வாலேது, எடமசேதி வேலிமுத்ர வேயண்டி. இடது கட்டைவிரலை வைங்க, தம்பி சாட்சி போடட்டும், போதும்." மைப்பெட்டியை நகர்த்தினார்.

கைநாட்டு! அந்த வருஷம்தான் முதியோர் வகுப்பில் இருபத்துமூன்று பேரின் கைநாட்டை ஒழித்திருந்தேன். முனிரத்தினம் அதில் பதினேழாவது ஆள்.

"நான் வாத்தியார். இடது கையாலே கையெழுத்தே போடுவேன்," என்றேன்.

"வெச்சுட்டு வா ணா," என்றான் முனிரத்தினம். "அண்ணி மூட்டை கட்டிக்கினு குந்திக்கினு கீது."

"ரெஜிஸ்டர்ல இருக்கிற மாதிரியே இருக்கணும் மாஸ்டாரு," என்று குமாஸ்தா பழகிப்பார்க்கக் கழிவுக் காகிதம் கொடுத்தார். நான் உட்கார்ந்து பழகினேன். முதலாவது நண்டு போல வந்தது. ஏழாவது, நடக்கிற நண்டு. முனிரத்தினம் ரெண்டு தடவை என் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தான்; ரெண்டு தடவையும் உதறினேன். பத்தொன்பதாவது ஏறக்குறைய என் பெயர். சந்தோஷமாக நிமிர்ந்தேன். மணி ஐந்து. அதிகாரியின் நாற்காலி காலி. வெளியே ஜீப் கிளம்பும் சத்தம். குமாஸ்தா ரெஜிஸ்டரை மூடினார்.

"அயிபோயிந்தி மாஸ்டாரு. முடிஞ்சுபோச்சு."

வீட்டில் கண்ணம்மா சாக்கை அவிழ்த்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஏழு மாதம் கழித்து அவள் அம்மா போய்விட்டாள். ஆள் வந்து சொல்லி, நாங்கள் பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். நான் ஆந்திரத்திலேயே ரிட்டயர் ஆனேன்.

வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முனிரத்தினம் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி எழுவதில்லை. இதுவரை முப்பத்தெட்டு தடவை. மை, புழுதி, புளியமரம் வரை கண்ணம்மாவும் உட்கார்ந்து கேட்பாள், வாய்விட்டுச் சிரிப்பாள். நாங்கள் திருப்பதி பஸ் ஏறியதும், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து உள்ளே போய்விடுவாள். முப்பத்தெட்டில் ஒரு தடவைகூட அவள் மிச்சத்தைக் கேட்டதில்லை.