வலம் வந்த ஹொக்கி

தெரியாத வேலைக்குக் கை தூக்குகிறவனை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது. பக்தியோடுதான் சொல்கிறேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவரும் முயன்றுதான் பார்த்தார்.

சுவிஸில், ஆரா நகரில் என் மகள் கீர்த்தனா ஐஸ் ஹொக்கி பழகத் தொடங்கிய முதல் வருடம். பயிற்றுநர் ஊர்ஸ் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாசியில் பெரிய குழுவுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்வார்கள். அதன் சிவப்புச் சட்டையைப் போடவேண்டும் என்பதுதான் கீர்த்தனாவின் கனவு. பயிற்சியை யார் நடத்துவது என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டபோது நான் எழுந்து நின்றேன்.

"உங்களுக்குச் சறுக்கவே தெரியாது. என்னத்தைப் பழக்கப் போறியள்?" என்றாள் மனைவி வசந்தி.

"முருகன் கோயில் தேர்த் திருவிழாவிலை அவ்வளவு சனத்தை ஒழுங்குபடுத்தினனான். இந்தக் குஞ்சுகளை ஏலாதோ?"

(ஏலாது. அது பிறகுதான் தெரிந்தது.)

பயிற்சிகள் இணையத்தில் மலைபோல் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மைதானப் படம், பிள்ளைகள் போகிற வழிக்கு அம்புக்குறி. எழுத்து விளங்காவிட்டாலும் அம்பு விளங்குமே! அச்செடுத்துச் சாமியறையில் பரப்பினேன். சறுக்குவது ஒரு கட்டு, கோல் அடிப்பது ஒரு கட்டு என்று அடுக்கும்போதுதான் கண்டேன், பாதிக்கு மேல் இடப்பக்கமாகச் சுற்றின.

"ஏனப்பா இதுகளை எறியிறியள்?" என்றாள் வசந்தி.

"இடஞ்சுழியாச் சுத்துறது செத்தவீட்டிலையெல்லோ? பச்சைப் பிள்ளையளை அப்பிடிச் சுத்த விடலாமோ?"

"சிவ சிவா!" என்றவள், மிச்சத்திலும் தேடி இரண்டை எடுத்துக் கிழித்தாள்.

பிறகென்ன, மாதக்கணக்காகப் பிள்ளைகள் வலம் வந்தார்கள். நான் சப்பாத்துக் காலோடு ஓரச் சுவரைக் கட்டிப் பிடித்தபடி கத்தினேன். மற்றப் பெற்றோர் "என்ன ஒழுங்கு!" என்று கை தட்டினார்கள்.

தெரிவு நாளன்று ஊர்ஸ் ஊன்றுகோலோடு வந்து, "லிங்க்ஸ்!" என்று இடப்பக்கம் காட்டினார். முதலில் போன பிள்ளை நேரே சுவரில் மோதியது. அடுத்ததும் மோதியது. கீர்த்தனா மட்டும் யோசித்தாள். இடப்பக்கம் போவதற்காக வலப்பக்கமாகவே முக்கால் வட்டம் சுற்றித் திரும்பினாள். அதற்குள் எதிரே நின்ற பெட்டை கோலே அடித்துவிட்டாள்.

"ஏன் ஒரு பக்கம் மட்டும் பழக்கினாய்?" என்று ஊர்ஸ் கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் இரண்டு சொல்லில் முடிந்தது: "லிங்க்ஸ்... ஃபிரீட்ஹோஃப்." (இடப்பக்கம் போனால் சுடலை.)

அவர் தன் கட்டுப்போட்ட இடது காலைக் குனிந்து பார்த்தார்.

சிவப்புச் சட்டை கிடைக்கவில்லை. கீர்த்தனா வீடு வரும்வரை அழுதாள். நானும் கார் ஓட்டிக்கொண்டே அழுதேன். இன்னொரு வருடம் அவள் சின்னப் பிள்ளைகளோடு, ஒரு தலை உயரமாக நின்று, இடப்பக்கம் திரும்பப் பழகினாள்.

இப்போதும் சந்தியில் நான் இடப்பக்கம் சிக்னல் போட்டால் போதும், பின்சீட்டிலிருந்து குரல் வரும்:

"பயப்படாதேங்கோ அப்பா. மூண்டு தரம் வலப்பக்கம் திருப்பினாலும் அங்கைதான் போய் நிப்பம்."

வசந்திதான் பெரிதாகச் சிரிப்பாள். (கிழித்தவள்!) முருகன் என்னை எப்போதோ மன்னித்திருப்பார். கீர்த்தனாதான் இன்னும் யோசிக்கிறாள்.