ஆஸ்மாசிஸ் முட்டையும் அப்பாவின் முதல் ஷிப்மெண்டும்

விஞ்ஞானத்துக்காக உயிரையே கொடுத்தவர்கள் உண்டு. நான் விஞ்ஞானத்துக்காக அப்பாவின் முதல் ஷிப்மெண்டைக் கொடுத்தவள். (என் உயிரும் அன்றே போயிருக்க வேண்டியது. மயிரிழையில் தப்பியது.)

அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி. வகுப்பே தெர்மக்கோலில் எரிமலை கட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் நிஜமான பரிசோதனை செய்து காட்டுவேன் என்று மார்தட்டிவிட்டேன். பாடத்தில் வரும் சவ்வூடு பரவல், மிஸ் வாயில் ஆஸ்மாசிஸ். முட்டையின் ஓட்டைக் கரைத்துவிட்டால் மெல்லிய தோல் மட்டும் மிஞ்சும். அதைத் தண்ணீரில் போட்டால் தண்ணீரை உள்ளே இழுத்து வீங்கும். சர்க்கரைப் பாகில் போட்டால் உள்ளே இருக்கும் தண்ணீரை விட்டுச் சுருங்கும். ஓடு கரைய வினிகர் வேண்டும். திருப்பூரில் அதற்கு யாராவது கடைக்குப் போவார்களா? சாயப்பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா, துணிக்கு ஊற்றும் அசிட்டிக் ஆசிட்டில் அவர் கையாலேயே தண்ணீர் கலந்து ஒரு பாட்டிலில் கொடுத்துவிட்டார்.

சிக்கல் முட்டையில்தான் வந்தது. அது சஷ்டி விரத வாரம். முருகன் படத்துக்கு முன்னால் அம்மா அப்போதுதான் விளக்கேற்றியிருந்தார்.

"விரத நாள்ல ஊட்டுக்குள்ள முட்டையா? அந்தக் கருமத்த எங்கயாச்சும் கொண்டு போய் வெச்சுக்க கண்ணு. இங்க வேண்டாம்."

எங்கயாச்சும் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே இடம் மண்ணரைப் பகுதியில் இருந்த அப்பாவின் கம்பெனி. (கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓடு வேய்ந்த கட்டடம், சில தையல் மெஷின்கள், ஏசி போட்ட ஒரே ஒரு ஆபீஸ் ரூம்.) ஆபீஸ் ரூமில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் இருந்தது. சித்தப்பா கொடுத்ததில் முட்டைகளை ஊறவைத்து ஓட்டைக் கரைத்த பிறகு, அதற்குள் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களை வைத்தேன். ஒன்றில் பாகும் முட்டையும், மற்றதில் தண்ணீரும் முட்டையும்.

அப்பாவிடம் சொல்லாமல் செய்யவில்லை. "அப்பா, ஃப்ரிட்ஜுல என் ப்ராஜெக்ட் வெச்சிருக்கேனுங்க" என்றேன். அவர் போனைக் காதில் வைத்தபடியே, "செரி செரி" என்று கையை ஆட்டினார். அந்த வாரம் நான் ஃப்ரிட்ஜுக்குள் புலியை வைத்திருந்தாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பார்.

காரணம் இருந்தது. அதுவரை அடுத்தவர் ஆர்டருக்குப் பீஸ் தைத்துக் கொடுத்துவந்த அப்பாவுக்கு, முதன்முதலாகச் சொந்தமாக ஓர் ஏற்றுமதி ஆர்டர் கிடைத்திருந்தது. டி-ஷர்ட்டுகள் எல்லாம் பெட்டிக்குள் போயாகிவிட்டன. வெளிநாட்டுக்காரர்களுக்காக வாங்கும் பையிங் ஆபீஸிலிருந்து, தரம் சோதிக்கும் க்யூசி வந்து பார்த்து 'பாஸ்' என்றால் லோடு தூத்துக்குடிக்குக் கிளம்பும். 'ஃபெயில்' என்றால் ஆர்டர் நிற்குமா என்பதே சந்தேகம். மறுபடியும் ஊரார் பீஸைத் தைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் எங்கள் ஊரில் க்யூசி வந்தால், தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைப் போலத்தான் தாங்குவார்கள்.

அன்று வந்தவர் கோஷ் சார். கல்கத்தாக்காரர். உயரமான மனிதர், பெரிய தலை. (தலையைப் பற்றிப் பின்னால் வரும்.) காலையிலிருந்து பீஸ்களை மேஜையில் விரித்து, இஞ்ச் டேப்பால் கழுத்து, நெஞ்சு, நீளம் என்று அளந்து தள்ளினார். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்தச் சந்தோஷத்தில் அப்பா கூல் டிரிங்ஸ் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறார்.

"அரே! ரசகுல்லா!" என்றார் கோஷ் சார்.

அப்பாவுக்கு அது என்னவென்றே தெரியாது. ஆனால் க்யூசி ஒன்றைப் பார்த்து முகம் மலர்ந்தால், அதை இல்லையென்று சொல்லும் தைரியம் திருப்பூரில் எவருக்கும் கிடையாது.

"ஆமாங்க சார். ஊட்ல செஞ்சதுங்க. உங்களுக்குன்னே!"

முட்டைகளைப் பார்க்க நான் வந்து ஆபீஸ் ரூம் கதவைத் திறந்தபோது, தண்ணீர்க் கிண்ணத்து முட்டை தட்டில் இருந்தது. கொழுகொழுவென்று வீங்கி, அவ்வளவு அழகாக. என் பரிசோதனை வெற்றி என்று ஒரு விநாடி பூரித்துப்போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த விநாடிதான் கோஷ் சார் கையில் இருந்த ஸ்பூனைப் பார்த்தேன்.

"சார்! அது ஆஸ்மாசிஸ் சார்!" என்று கத்தினேன்.

"ஓ, தமிழ்ல இதுக்கு ஆஸ்மாசிஸா? நல்ல பேர்" என்று சொல்லிக்கொண்டே ஸ்பூனை அழுத்தினார்.

படார்!

கோஷ் சாரின் சட்டை, டை, மூக்குக் கண்ணாடி. விரதத்தில் இருந்த அப்பாவின் விபூதி நெற்றி. ஒரு முட்டைக்குள் அவ்வளவு முட்டை இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் போடவில்லை. மஞ்சள் கரு கோஷ் சாரின் பாக்கெட்டுக்குள் பத்திரமாக இறங்கியது.

"ஐயோ சார், மன்னிச்சுக்குங்க சார், புள்ளை ஏதோ தெரியாம..." அப்பா பதறிக்கொண்டே ஒரு பெட்டியைக் கிழித்து, எங்கள் ஷிப்மெண்டிலிருந்தே ஒரு புது டி-ஷர்ட்டை எடுத்து நீட்டினார். கோஷ் சார் சட்டையைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். கைகள் நுழைந்தன. தலை நுழையவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி துணிக்குள் நின்ற அவரை அப்பா ஒரு பக்கம் இழுக்க, அவர் ஒரு பக்கம் திமிற, கழுத்துத் தையல் பட்பட்டென்று அறுந்தது. அதன் வழியே மெதுவாக வெளியே வந்தது கோஷ் சாரின் முகம்.

அவர் கோபப்படவே இல்லை. அறுந்த நூலை விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னொரு பீஸை எடுத்துக் கழுத்தை இழுத்தார். பட். இன்னொன்று. பட். படுக்கவைத்து அளந்தால் சரியாக இருந்த கழுத்து, தையல் இறுக்கத்தால் துளியும் விரியவில்லை.

"சாரி, சண்முகம். ஃபெயில்."

அப்பா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் முட்டை காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் அடித்திருந்தால்கூடத் தேவலை. என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ சாப்டியா கண்ணு?" என்று மட்டும்தான் கேட்டார்.

பிறகு பெட்டிகளை எல்லாம் பிரித்தோம். டெய்லர்கள், அம்மா, சித்தப்பா, நான் என்று அத்தனை பேரும் உட்கார்ந்து கழுத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க, மெஷின்கள் மறுபடியும் தைத்தன. சூரசம்ஹாரத்துக்குக் கோயிலுக்குப் போகவில்லை. கண்காட்சிக்குச் சுருங்கிய முட்டையை மட்டும் கொண்டுபோனேன். "வீங்கினது எங்கே?" என்று மிஸ் கேட்டார்கள். "இன்ஸ்பெக்ஷன்ல போயிருச்சுங்க மிஸ்" என்றேன். ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை.

கோஷ் சார் திரும்ப வந்தபோது இஞ்ச் டேப்பைத் தொடவில்லை. ஒரு டி-ஷர்ட்டை எடுத்துத் தன் தலையில் மாட்டினார். தலை சுலபமாக வெளியே வந்தது. "பாஸ்!" அப்பா கடையில் வாங்கிய அசல் ரசகுல்லாவை நீட்டினார். கோஷ் சார் இரண்டடி தள்ளி நின்று ஸ்பூனால் குத்திப் பார்த்த பிறகுதான் சாப்பிட்டார். அந்தப் பீஸ்கள் அப்படியே கப்பலேறியிருந்தால், அதோடு எங்கள் கதை முடிந்திருக்கும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது கம்பெனியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இன்றும் எந்த லோடும் 'முட்டை டெஸ்ட்' முடியாமல் கிளம்பாது. ஒவ்வொரு சைஸிலும் ஒரு பீஸை யாராவது போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த டெஸ்ட். ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர்கள்கூட "முட்டை டெஸ்ட் ஹோ கயா?" (முடிந்ததா?) என்றுதான் கேட்கிறார்கள். ஏன் அந்தப் பெயர் என்று புதிதாக வந்தவர் யாராவது கேட்டுவிட்டால் போதும், அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் முட்டை கொஞ்சம் பெரிதாகிறது. போன மாதம் அது தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது.

எல் சைஸ் மட்டும் அப்பாவுக்கு. அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். தோள்வலியால் இப்போது கையைத் தூக்க முடிவதில்லை, நான்தான் மாட்டிவிடுகிறேன். சின்னக் குழந்தைக்குப் போல ஒவ்வொரு கையாக நுழைத்து, மெதுவாகக் கீழே இழுப்பேன். கழுத்து வழியாக அந்த நரைத்த தலை, முடி கலைந்து வெளியே வரும். வந்ததும் என் முகத்தைத்தான் தேடும்.

"பாஸா கண்ணு?"

"பாஸுங்கப்பா."