இருபத்தோரு முளையும் ஒரு பிரேக் கேபிளும்

பத்தாவதில் தோற்றவர்கள் எங்கள் ஊரில் நிறைய பேர் உண்டு. பன்னிரண்டாவதில் தோற்றவர்கள் அவர்களைவிடக் கொஞ்சம் மரியாதையாக நடமாடுவார்கள். எல்.கே.ஜி.க்கும் கீழே இருக்கிற பிளே ஸ்கூலில் தோற்றவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதுவும் அங்கே படித்தது நான் இல்லை. என் அக்கா மகள் தர்ஷினி. அப்போது அவளுக்கு நாலு வயது. அவள் பாஸ். நான்தான் பெயில்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். செங்கம் ரோட்டில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஆசிரமம் பக்கம் வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வாடகை ஸ்கூட்டரை எடுத்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மலையைச் சுற்றிவிட்டு வருவார்கள். தேய்ந்துபோன அந்த பிரேக்குகளால்தான் எனக்குச் சோறு.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. என்னை வளர்த்தது அக்காதான். அதற்கு முந்தின ஆடி மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். நாலாம் நாள் இல்லை. மாமா (அக்கா வீட்டுக்காரர்) மஸ்கட்டில் டிரைவர். வந்தார், காரியம் முடித்தார், லீவு முடிந்ததும் கிளம்பினார். பாப்பா என்னோடு இருந்தாள். யாரும் உட்கார்ந்து பேசி அப்படி முடிவு பண்ணவில்லை. அவளுக்குப் பசித்தது, நான் தோசை ஊற்றினேன். அப்படியே ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது.

முடிவு பண்ண வேண்டும் என்று சொன்னது அண்ணி. மாமாவின் அக்கா. பாப்பாவுக்கு அத்தை. வேங்கிக்காலில் சொந்த வீடு, அரசாங்க ஆபீஸில் வேலை, பேசினால் ஃபைலில் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கும். ஒரு நாள் மத்தியானம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பிளே ஸ்கூல் விட்டதும் பாப்பா அங்கேதான் ஒரு பழைய டயரில் உட்கார்ந்திருப்பாள்.

"பாப்பா, ஏ ஃபார்?" என்றார் அண்ணி.

"ஆக்சிலேட்டர்."

"பி ஃபார்?"

"பிரேக் ஷூ."

அண்ணி சி-க்குப் போகவில்லை. (போயிருந்தால் கார்புரேட்டர். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை வெளியே காட்டாமல் இருந்திருக்கலாம்.)

"சிரிக்காத ஏழுமல," என்றார். "சனிக்கிழம ஸ்கூல்ல ஏதோ வசந்த விழாவாமே. மிஸ்ஸு எனக்கும் மெசேஜ் போட்டாங்க. நான் வரேன். மத்த பசங்க மாதிரி இவளும் எதனா செஞ்சி காட்டுனா உங்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா ஜூன்ல வேங்கிக்கால்ல சேத்துக்கறேன். தம்பிகிட்ட பேசிட்டேன். நீ சொல்றதுதான்க்கான்னு சொல்லிட்டான்."

நான் ஸ்பேனரைத் துடைத்தேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனர் அது.

அன்று சாயந்திரமே வாட்ஸப்பில் 'வசந்த வாரம்' வந்தது. பெற்றோர் வீட்டிலேயே பிள்ளைகளோடு செய்ய வேண்டிய வேலைகள். மேலே ஒரு படம். பனி உருகுகிறது, மஞ்சள் பூவுக்கு நடுவில் முயல் உட்கார்ந்திருக்கிறது. நான் தலை தூக்கிப் பார்த்தேன். பங்குனி வெயிலில் எங்கள் தெரு நாய் சாக்கடைக்குள் படுத்திருந்தது.

முதல் வேலை, திங்கட்கிழமைக்கு: 'ஒரு பேப்பர் கப்பில் மண் நிரப்பி, குழந்தையின் கையாலேயே விதையைப் புதைத்து மூடச் சொல்லுங்கள். தினமும் தண்ணீர் ஊற்றி, அது எப்போது வெளியே வரும் என்று பேசுங்கள். சனிக்கிழமை எடுத்து வாருங்கள்.'

எங்கள் வழக்கம் புதைப்பது. அக்காவையும் அப்படித்தான். பாப்பாவிடம் அம்மா சாமிகிட்ட போயிருக்கா என்று சொல்லி வைத்திருந்தோம். இப்போது நான் அவள் கையில் ஒரு விதையைக் கொடுத்து, மண்ணில் போட்டு மூடு, அப்புறம் வெளியே வரும் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பதில்தான் தெரியாது. நான் விரலால் தள்ளி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். (ஸ்கூலில் கணக்குப் பரீட்சையிலும் இப்படித்தான். தெரியாத கேள்வி இருக்கிற பக்கத்தையே திருப்பிவிடுவேன்.)

இரண்டாவது வேலை: 'பூங்காவில் நடந்து ஐந்து பூக்களின் பெயரைக் கற்றுக்கொடுங்கள்.' பூங்காவுக்கு எங்கே போவது? பூக்கடைக்கு அழைத்துப் போனேன். ஐந்து நிமிடத்தில் எல்லாப் பூவையும் காட்டிவிட்டேன். அடுத்த நாள் மிஸ் கேட்டிருக்கிறார். பாப்பா விரல் விட்டுச் சொன்னாளாம்: "மல்லி, சாமந்தி, கனகாம்பரம், கதம்பம், கம்மி பண்ணுக்கா."

மூன்றாவது: 'வெள்ளைப் பூவைக் கலர் தண்ணீரில் வையுங்கள். பூ எப்படி நிறம் மாறுகிறது என்று பாருங்கள்.' மெக்கானிக்குக் கலர் தண்ணீருக்குப் பஞ்சமா? ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைக் கூலன்ட் இருந்தது. குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வைத்து, வெள்ளை ரோஜாவை அதில் நிறுத்தினேன். மற்ற வீடுகளில் பூ ஊதாவும் ரோஸுமாக மாறி குரூப்பில் படம் வந்துகொண்டிருந்தது. எங்கள் ரோஜா சாயந்திரத்துக்குள் வேகவைத்த கீரை மாதிரி தொங்கியது. நானும் படம் எடுத்துப் போட்டேன்.

"தர்ஷினி மாமா, இது இன்னிக்கு சமையலா?" என்று யாரோ ஒரு அம்மா கேட்டிருந்தார். பதினாறு பேர் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று மிஸ்.

வியாழக்கிழமை எனக்குப் பயம் வந்துவிட்டது. சனிக்கிழமை மற்ற பிள்ளைகள் கப்போடு வருவார்கள். எங்கள் கையில் கீரை.

"பாப்பா, வசந்தம்னா உனுக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டேன்.

"பொம்ம பூ போடும்," என்றாள்.

எங்கள் ஊரில் அதுதான் வசந்தம். சித்திரையில் கோயிலில் வசந்த உற்சவம் நடக்கும். சாமி சுற்றி வரும்போது ஒரு பொம்மை கையிலிருந்து சாமி மேல் பூவைக் கொட்டும். போன சித்திரையில் அக்கா இடுப்பில் உட்கார்ந்து பாப்பா அதைப் பார்த்திருக்கிறாள். சாமியை விட்டுவிட்டாள். பொம்மையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு மூளையில் பிளக் அடித்தது. துணிக்கடையில் வேலை செய்யும் சினேகிதனிடம் கேட்டு, மூக்கு உடைந்து மூலையில் கிடந்த குழந்தைப் பொம்மை ஒன்றை வாங்கி வந்தேன். பாப்பாவின் பழைய பாவாடை சட்டையைப் போட்டேன். தோளை அறுத்து, கையை அசைகிற மாதிரி போல்ட் போட்டு, அதில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கட்டினேன். டியூப் ரப்பர் கையை இழுத்துப் பிடித்திருக்கும். ஸ்கூட்டர் பிரேக் கேபிளின் ஒரு முனை கையில், மறுமுனை லீவரில். லீவரை அமுக்கினால் கை மெதுவாகச் சாயும், பூ கொட்டும். இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டியும் நகரவில்லை. ஓனர் வந்து பார்த்தார்.

"பொம்மைக்கு ஆர்.சி. புக்கு இருக்காடா?" என்று மட்டும் கேட்டார்.

சோதனையில் அருமையாக வேலை செய்தது. ஒரே ஒரு குறைதான். சாமிக்குப் பதிலாக யாராவது கீழே நிற்க வேண்டும். அதற்கும் நான் ஆள் பார்த்துவிட்டேன். அண்ணி. அத்தனை பேர் முன்னால் அண்ணி தலையில் பூமழை. அதற்கு அப்புறம் எந்த மனுஷிக்குப் பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போக மனசு வரும்? (ஒன்பதாவதோடு நின்றவன் போடும் திட்டம் இப்படித்தான் இருக்கும். பார்க்க ரொம்ப நன்றாக இருக்கும்.)

சனிக்கிழமை பிளே ஸ்கூல் வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நீள மேஜையில் இருபத்தோரு பேப்பர் கப். ஒவ்வொன்றிலும் பெயர். பச்சைப்பயறு, வெந்தயம், அவரை, எல்லாம் விரல் நீளத்துக்கு முளைத்து நின்றன. தர்ஷினி பெயரில் மட்டும் கப் இல்லை. அண்ணி அந்த வரிசையை இரண்டு முறை படித்தார். நான் பார்த்தேன்.

பிறகு என் பொம்மையைப் பார்த்தார். "இன்னா ஏழுமல இது?"

"வசந்தம் அண்ணி."

"மூக்கு எங்க?"

"மூக்கு வேல செய்யாது அண்ணி. கைதான்."

மிஸ் நல்லவர். மைக்கில், "தர்ஷினியும் அவங்க மாமாவும் நம்ம கோயில் வசந்தத்தையே செஞ்சி கொண்டாந்திருக்காங்க, கை தட்டுங்க," என்றார். ஷாமியானா ஓரத்தில், வெயில் விழும் இடத்தில் இருந்த பொம்மைக்கு முன்னால் அண்ணியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, சாமி மாதிரியே அசையாமல் நின்றார். பாப்பா லீவரை அமுக்கினாள்.

கை அசையவில்லை.

விஷயம் இதுதான். பூ வாடக் கூடாது என்று, பூக்கடைக்காரர்கள் செய்கிற மாதிரி சாமந்தி இதழை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். அவர்கள் தண்ணீரைத் தெளிப்பார்கள். நான் ஊற்றிவிட்டேன். தட்டில் இருந்தது இதழ் இல்லை, ஒரு கிலோ கட்டி. அந்தக் கனத்தில் தோள் போல்ட் இறுகிக்கொண்டது, கேபிள் இழுபடவில்லை. மெக்கானிக் புத்தி என்ன சொல்லும்? கேபிள் சிக்கினால் ஒரு சுற்று டைட் வை. வைத்தேன். பாப்பா அமுக்கினாள். ஒன்றும் இல்லை. இன்னொரு சுற்று வைத்தேன். ஒன்றும் இல்லை.

"வெயிலு ஏழுமல," என்றார் அண்ணி, உதடு அசையாமல்.

மூன்றாவது சுற்றும் வைத்து, லீவரை நானே அமுக்கினேன். முழு பலத்தோடு.

டியூப் ரப்பர் பிய்த்துக்கொண்டது. பொம்மையின் கை சாயவில்லை, வீசியது. சாமந்திக் கட்டி அப்படியே போய் அண்ணியின் முகத்தில், கண்ணாடிக்கு மேலேயே ஒட்டியது. தட்டு கழன்று, சுழன்றுகொண்டே மேஜைக்குப் போய், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கப் விடாமல் தள்ளிவிட்டுக் கீழே விழுந்தது. அந்த அதிர்ச்சியில் பொம்மையின் தலை கழன்று, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாய்க்கு உருண்டு போய், மூக்கில்லாமல் அவர்களை நிமிர்ந்து பார்த்தது.

இருபத்தோரு பிள்ளைகளும் ஒரே சுருதியில் அழுதார்கள். தெருவில் போன ஆட்டோ நின்றது.

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். கண் இருக்கும் இடம் மட்டும் வட்டமாகச் சுத்தமாக இருந்தது. என் பக்கத்தில் வந்து சன்னமான குரலில் பேசினார். கத்தியிருந்தால் தேவலாம்.

"இத்தினி குழந்தைங்களும் ஒரு வித போட்டுச்சி. ஒரே ஒரு வித. அதுகூட உன்னால முடியலயா?"

எனக்குப் பொய் எதுவும் கிடைக்கவில்லை. "போட்டு மூடுனா, எங்கம்மா எப்ப வருவான்னு கேப்பா அண்ணி. நான் இன்னா சொல்றது?"

அண்ணி வாயைத் திறந்தார். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பாப்பாவின் குரல் கேட்டது. அவள் மேஜைக்குக் கீழே மண்ணில் உட்கார்ந்து, விழுந்த முளையை எல்லாம் பொறுக்கிக் கைக்குக் கிடைத்த கப்பில் சொருகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கவின் என்ற பொடியன் ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தான்.

"எஞ்செடி செத்துப்போச்சி."

"சாவலடா. திரும்ப உள்ள வச்சா வரும்," என்றாள் பாப்பா. "செடின்னா வரும். ஆளுதான் வராது. எங்கம்மாவ வச்சாங்க. நான் தண்ணிகூட ஊத்தனேன். வர்ல."

சொல்லிவிட்டு அடுத்த கப்பை எடுத்தாள். அழவில்லை. கவினும் அழுகையை நிறுத்திவிட்டு மண்ணை அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தான்.

தண்ணீர் ஊற்றினது உண்மைதான். முப்பதாம் நாள் படையலுக்கு அக்காவைப் புதைத்த இடத்துக்குப் போனபோது, அவள் வாட்டர் பாட்டிலைத் திறந்து மண்மேல் கவிழ்த்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். தண்ணியை வீணாக்காதே பாப்பா என்று திட்டியும் விட்டேன். அவள் அதற்குப் பிறகு எத்தனை நாள் காத்திருந்தாள், என்றைக்கு விட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் எதற்குப் பயந்து பக்கத்தைத் திருப்பினேனோ, அந்தப் பாடத்தை அவள் எனக்கு முன்னாலேயே முடித்திருந்தாள்.

அண்ணி அந்த ஆபீஸ் புடவையோடு மண்ணில் உட்கார்ந்தார். முடியில் சாமந்தி அப்படியே இருந்தது. ஒரு முளையை எடுத்து, "இது யாருது பாப்பா?" என்றார்.

"யாருதுன்னா இன்னா அத்த, வை," என்றாள் பாப்பா.

வைத்தார். நானும் உட்கார்ந்தேன். அப்படி வைத்ததில் எந்தச் செடி எந்த வீட்டுக்குப் போனது என்று யாருக்கும் தெரியாமல் போனது தனிக்கதை. வெந்தயம் போட்ட ஒரு வீட்டில் அவரைக்கொடி துணி காயவைக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிவரை ஏறிவிட்டதாக மே மாதம் குரூப்பில் படம் வந்தது.

திரும்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அண்ணி கேட்டார். "ஜூன்ல இவள நான் கூட்டினு போய்ட்டா, உன்ன யாரு பாத்துப்பாங்க?"

எனக்குப் புரியவில்லை. "நானே பாத்துப்பேன் அண்ணி."

"பாத்த லட்சணந்தான் என் தலையில ஒட்டினு இருக்கே," என்றார். "இங்கயே இருக்கட்டும். வாரா வாரம் நான் வரேன். ஏ ஃபார் ஆப்பிள நான் சொல்லித்தரேன். நீயும் கூட குந்து."

குந்தினேன். இப்போது பாப்பா இரண்டாம் வகுப்பு. அண்ணியின் வற்புறுத்தலில் நானும் பத்தாவது பிரைவேட்டாக எழுதி, கணக்கைத் தவிர மற்றதெல்லாம் பாஸ். (கணக்கில் இன்னும் பக்கத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.) பிளே ஸ்கூலில் வருஷா வருஷம் வசந்த வாரம் வருகிறது. அறிவிப்பின் கடைசியில், 'பெற்றோர் இயந்திரங்கள் எதுவும் கொண்டு வர வேண்டாம்' என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. ஏன் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது.

எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அண்ணி சொல்லிவிடுவார். ஒவ்வொரு முறையும் சாமந்திக் கட்டி அரைக் கிலோ கூடுகிறது. பாப்பா எப்படி இருக்கிறாள் என்று யாராவது கேட்டால், "அவளுக்கு இன்னா, மாமன நல்லா வளக்கறா," என்பார்.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் மஸ்கட்டிலிருந்து கூப்பிடுவார். என்னிடம் ஒரு நிமிடம் பேசிவிட்டு, "பாப்பாகிட்ட குடு மச்சான், உன்னப் பத்தி ரிப்போர்ட் கேக்கணும்," என்பார். அவள் போனை வாங்கிக்கொண்டு எனக்குக் கேட்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் தள்ளிப் போவாள். எனக்கு நன்றாகவே கேட்கும்.

"பரவால்லப்பா," என்பாள். "இந்த வாரம் ஒண்ணும் ஒடைக்கல. ஒரு வாட்டிதான் அழுதுச்சி."