சாந்தி என்று கூப்பிட்டேன், ஆறு பேர் திரும்பினார்கள்

வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவனுக்கு ஒரு நினைப்பு உண்டு. தான் இல்லாத வருஷங்களில் வீட்டில் எதுவுமே நடக்கவில்லை, எல்லோரும் வாசலைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள் என்று. எனக்கும் இருந்தது. மூன்று நாள் இருந்தது. (நாலாம் நாள் ஒரு விளக்குமாற்று அடியில் போனது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.)

அறுபதுகளின் நடுவில் நான் ஏடனிலிருந்து கப்பலேறி பம்பாய் திரும்பினேன். ஏடன் துறைமுகத்தில் எனக்கு டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளைப் பார்த்து, எது யாருடையது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் போனவன், அது முடிந்ததும் ஊருக்கு வராமல் இன்னொரு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். அப்போது அது பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. போகும்போது என் மகள் சாந்திக்கு ஒன்றரை வயது. வரும்போது ஏழரை. அவள் நடந்தது, ஓடியது, பள்ளிக்கூடம் சேர்ந்தது, அம்மை போட்டுப் பிழைத்தது எல்லாமே எனக்குக் கடிதத்தில் வந்த சமாசாரம்.

தாராவியில் எங்கள் வீடு பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரே ஓர் அறை. அதில் என் மனைவி ரஞ்சிதம் ஆறு வருஷமாகத் தனி ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் எப்போது வரும், எந்தக் குடம் எங்கே நிற்கும், ஸ்டவ்வுக்கு எத்தனை தரம் பம்ப் அடிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அங்கே சட்டம் இருந்தது. என்னை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் சட்டம் இல்லை. நான் உட்கார்ந்த இடம் காய் நறுக்குகிற இடமாக இருந்தது. எழுந்து போய் நின்ற இடம் துணி காயப்போடுகிற இடமாக இருந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று தண்ணீர் வரிசையில் போய் நின்றேன். அங்கே திடீரென்று அமைதி உண்டாயிற்று. ரஞ்சிதம் ஓடிவந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க இங்கன நின்னா அவளுக சண்டை போட வெக்கப்படுதாளுக. சண்டை போட்டாத்தான் வரிசை நவரும். உள்ள போங்க."

மகளோ, அவ்வளவு சின்ன அறையில் மூன்று நாள் என் கண்ணில் முழுசாகப் படாமலே இருந்தாள். அது ஒரு வித்தை. அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒரு கண், கதவிடுக்கில் ஒரு காது, பக்கத்து வீட்டுக்கு ஓடும் ஒரு முதுகு. தவணை முறையில்தான் பார்த்தேன். கண்ணை மூடித் திறக்கிற பொம்மை ஒன்று வாங்கி வந்திருந்தேன். அதோடு பேசினாள். என்னோடு பேசவில்லை. படுக்கப் போகும் முன் சுவரில் இருந்த என் பழைய போட்டோவைப் பார்த்து, "குட் நைட் அப்பா" என்றாள். நான் அந்தப் போட்டோவுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். என் தலைக்கு மேலே பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். (போட்டோவில் எனக்குப் பெரிய மீசை. ஏடன் வெயிலில் அதை எடுத்துத் தொலைத்திருந்தேன்.)

நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை. சாப்பிட்டுக்கொண்டே அறிவித்தேன்.

"இன்னைக்குப் பிள்ளையை பள்ளிக்கூடத்துல இருந்து நான் கூட்டிட்டு வாரேன்."

ரஞ்சிதம் கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு வழி தெரியுமா?"

"லேபர் கேம்ப் பள்ளிக்கூடந்தானே? ஏடன் வரைக்கும் போனவனுக்கு லேபர் கேம்ப் தெரியாதா?"

"பிள்ளையைத் தெரியுமா?"

"என்ன பேச்சு பேசுத? ஒரே மாதிரி ஆயிரம் பெட்டி இறங்கும். எது யாருதுன்னு ஒரே பார்வையில சொல்லுவேன்."

"பெட்டியில பேரு எழுதியிருக்கும்" என்றாள் ரஞ்சிதம். அப்புறமும் ஏதோ சொன்னாள். புருவத்துக்கு மேல் தழும்பு, பச்சை ரிப்பன் என்று காதில் விழுந்தது. அதற்குள் நான் கைகழுவிவிட்டுத் தலைவாரிக்கொண்டிருந்தேன். கவனிக்கவில்லை.

மகளின் மனத்தை ஒரே நாளில் ஜெயித்துவிடுவது என்று திட்டம். டெரிலின் சட்டை போட்டேன். கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். தலையில் ஏடன் தொப்பி. பை நிறைய மிட்டாய். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பிள்ளை பிடிக்கிறவன் எப்படி இருப்பான் என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டினால் இதைத்தான் போட்டிருப்பார்கள்.

மணி அடித்தது. கதவு திறந்தது. இருநூறு பிள்ளைகள் வெளியே கொட்டினார்கள். எல்லோருக்கும் நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. ஒரே மாதிரி பெட்டிகள். பேர் மட்டும் எழுதியிருக்கவில்லை.

துணிந்து கூப்பிட்டேன். "சாந்தி!"

ஆறு பேர் திரும்பினார்கள். (அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஏன்தான் அந்தப் பேர் அவ்வளவு பிடித்திருந்ததோ.) ஐந்து பேர் என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருத்தி மட்டும் மிட்டாய்ப் பையைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கிற சாந்தி என் சாந்தியாகத்தான் இருக்க வேண்டும். கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கை என் கைக்குள் வந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷம் இதற்காகத்தான் இருந்தோம் என்று தோன்றியது. அவளும் மிட்டாயை மென்றுகொண்டே மூச்சுவிடாமல் பேசினாள். டீச்சர் குட்டியதைச் சொன்னாள். எலி வந்ததைச் சொன்னாள். ஒரு மிட்டாயில் கூச்சம் போய்விட்டதே என்று பூரித்துப்போனேன். நடக்க நடக்கக் கேட்டேன்.

"அப்பான்னா பிடிக்குமா உனக்கு?"

"பிடிக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் பிடிக்காது."

"ஏம்மா?"

"குடிச்சிட்டு வந்து பாடுவாரு. அம்மா வெளக்குமாத்தை எடுத்துருவாங்க."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். என் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில், ஆறு வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தவன் யார்? (கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். ஒரு நிமிஷம் அப்படியும் யோசித்தேன்.)

அதற்குள் ஒரு சந்து வந்தது. "எங்க வீடு இந்தப் பக்கம்" என்று அவள் இடது பக்கம் இழுத்தாள். "இல்லம்மா, நேரா போகணும்" என்று நான் நேராக இழுத்தேன். அவள் என் முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள். அந்த மாதிரிச் சத்தத்தை நான் கப்பல் சங்கில்தான் கேட்டிருக்கிறேன்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. காய்கறி வண்டிக்காரன், செருப்புத் தைக்கிறவர், குடத்தோடு நாலு பெண்கள். யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து, "கோன் ஹை தும்?" என்றான். யார் நீ என்று கேட்கிறான். பதில் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்தில் என் இந்தி துருப்பிடித்திருந்தது. பயத்தில் தமிழும் வரவில்லை. துறைமுகத்து அரபிதான் வந்தது. அரபியில் என் மகள் என்பதற்கு 'பின்தி' என்பார்கள்.

"பின்தி! பின்தி!" என்று கத்தினேன்.

காய்கறி வண்டிக்காரன் உண்மையிலேயே நல்லவன். அந்தக் களேபரத்திலும் தன் வண்டியை ஒரு முறை பார்த்தான். "பிண்டி நஹி ஹை, சாப். பைங்கன் லே லோ" என்றான். வெண்டைக்காய் தீர்ந்துவிட்டதாம், கத்திரிக்காய் எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

அப்போதுதான் சந்துக்குள்ளிருந்து அந்தப் பிள்ளையின் தாய் வந்தாள். பிள்ளை சொன்ன விளக்குமாறு கையில் இருந்தது. ஒரே ஓர் அடி. தொப்பி சாக்கடையில் விழுந்தது.

"அக்கா, அக்கா" என்று அலறினேன். அடித்த அடியில் தமிழ் திரும்பி வந்திருந்தது. "தப்பா நினைக்காதீங்க. எம்பிள்ளைன்னு நினைச்சுட்டேன். எம்பிள்ளை பேரும் சாந்திதான்."

அவள் ஓங்கிய கையை நிறுத்தினாள். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கேட்டீகளா பொய்யை? பெத்த பிள்ளை முகம் தெரியாத தகப்பன் உலகத்துல உண்டுமா?"

எனக்கு மூன்றாம் வருஷ முடிவில் போட்ட கையெழுத்துதான் நினைவுக்கு வந்தது. என் முகத்தில் அவள் எதைப் பார்த்தாளோ, விளக்குமாறு மெல்ல இறங்கியது.

"சரி, நடங்க பள்ளிக்கூடத்துக்கு. டீச்சரம்மா சொல்லட்டும்."

ஊர்வலமாகப் போனோம். முன்னால் விளக்குமாறு, நடுவில் நான், பின்னால் கூட்டம். காய்கறி வண்டியும் வந்தது. பள்ளிக்கூட வாசலில் ஒரே ஒரு சிறுமி டீச்சரோடு நின்றுகொண்டிருந்தாள். பச்சை ரிப்பன். இடது புருவத்துக்கு மேல் தழும்பு. என் மகளின் முகத்தை முழுசாக நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரஞ்சிதத்தின் கண். நெற்றி என்னுடையது.

டீச்சர் அவளிடம் குனிந்து கேட்டார். "இவர் யார், சாந்தி?"

சாந்தி டீச்சரின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"உன்னைக் கூட்டிப்போக இவர் வந்தாரா?"

"வந்தாரு. நான் பாத்தேன். அந்த சாந்தியைக் கூட்டிட்டுப் போயிட்டாரு."

"நீ ஏம்மா கூப்பிடலே?"

சாந்தி தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என்னன்னு கூப்பிட?"

விளக்குமாற்றுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். மாட்டிக்கொண்டே இருந்திருக்கலாம் என்று உடனே தோன்றியது. கண் கலங்கியிருந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சாந்தி என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவளாகவே ஒரு பரீட்சை வைத்தாள்.

"ஒட்டகத்துக்குப் பேரு என்ன?"

ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அவளுக்கென்று இரண்டு வரி எழுதுவேன். துறைமுக வாசலில் ஓர் ஒட்டகம் நிற்கிறது, அது தினமும் உன்னை விசாரிக்கிறது என்று. அப்படி ஒட்டகம் எதுவும் இல்லை. சும்மா அளந்தது.

"பொன்னுச்சாமி" என்றேன்.

கண் கொஞ்சம் விரிந்தது. "அது நொண்டும்தானே? எந்தக் காலு?"

வியர்த்துவிட்டது. நொண்டும் என்று எப்போதோ எழுதினேன். எந்தக் கால் என்று எழுதினேனா? எழுதுகிறபோது இப்படிக் குறுக்கு விசாரணை வரும் என்று யார் கண்டது?

"இடது காலு."

"முன்னாலயா, பின்னாலயா?"

"பின்..." டீச்சரைப் பார்த்தேன். அவர் என்ன செய்வார், பாவம். "பின்னால."

சாந்தி யோசித்தாள். பிறகு பைக்கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் பக்கம் வந்து, சுண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கப்பா. வழியை நான் காட்டுதேன்."

காய்கறி வண்டிக்காரன் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினான். அந்த இன்னொரு சாந்தியின் அம்மா சாக்கடையிலிருந்து தொப்பியை எடுத்து, கழுவி, மறுநாள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். ரஞ்சிதத்தோடு இரண்டு மணி நேரம் இருந்து, நடந்ததை ஒன்றுவிடாமல், அடித்த அடி உட்பட, நடித்தும் காட்டிவிட்டுப் போனாள். அன்று ரஞ்சிதம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் பயந்து கதவைத் தட்டினார்கள். சிரித்து முடித்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே எங்கயும் போகாதீக" என்றாள். போகவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெண்டைக்காய் என்ற சொல் வழக்கொழிந்தது. 'பின்தி' என்றுதான் பெயர். என் மகளுக்கும் அதே பெயர். சாந்தி என்று அவளைக் கூப்பிடுகிறவர்கள் அவள் ஆபீஸ்காரர்கள் மட்டும்தான். அவள் கல்யாணத்தன்று, சர்ச் படியேறும்போது ரஞ்சிதம் என் காதில், "கையைப் பிடிக்க முன்ன முகத்தைப் பாத்துக்கிடுங்க" என்றாள். சிரிப்பை அடக்கமாட்டாமல் நான் பெண்ணை அழைத்துப்போனதை போட்டோவில் இன்றைக்கும் பார்க்கலாம்.

போன மாதம் செம்பூரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். என் பேரப்பிள்ளைகளுக்கு நூறாவது தடவையாக அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒட்டகம் வரைக்கும் வந்ததும், நாற்பது வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நெசமாவே இடது பின்னங்காலுன்னா எழுதியிருந்தேன்?"

"நீங்க காலைப் பத்தி ஒண்ணுமே எழுதலைப்பா. நொண்டும்னு மட்டுந்தான் எழுதியிருந்தீங்க."

"அப்ப ஏன் கேட்ட?"

அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியாட்டியும், கடுதாசியில அளந்த மாதிரி ஏதாவது சொல்லுதீங்களான்னு பாக்கத்தான். தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் டீச்சர் பக்கத்துலயே நின்னிருப்பேன்."