நடுக்கடலில் கத்திச் சொன்ன ஓடிபி

என்னை ஏமாற்றியவனுக்கு நான் எந்தச் சிரமமும் வைக்கவில்லை. கேட்டதையெல்லாம் கொடுத்தேன். கேட்காததையும் கொடுத்தேன்.

எங்கள் தீவில், பாம்பூஃப்ளாட் கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. எதிர்க்கரையான சாத்தம் போகும் படகு பாதித் தூரம் போனதும்தான் போனில் நாலு கோடும் ஏறும். அதனால் எங்கள் தெருக்காரர்கள் பெண் பேசுவது, பாகம் பிரிப்பது, சம்பந்தியைத் திட்டுவது எல்லாம் படகில்தான். அதுவும் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தி. (யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூடப் படகுக்குத் தெரியும்.)

அப்போது வருமானவரி ரீஃபண்டுக்காகக் காத்திருந்தேன். மனைவி செல்வியின் தங்கைக்குப் பரமக்குடியில் கல்யாணம். கப்பல் தேதி ஒத்துவரவில்லை, விமானம்தான். "ரீஃபண்ட் வந்ததும் டிக்கெட் போட்டுடறேன்" என்று தினமும் சொல்வேன். அவள் பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ்கூட அடித்துவிட்டாள்.

ஒருநாள் படகில் போன் வந்தது. "வருமானவரி ஆபீஸ்லருந்து பேசறேன் சார், உங்க ரீஃபண்ட் நின்னு போயிருக்கு" என்று மரியாதையான ஹிந்தியில் ஒருவன். அரசாங்க ஸ்டோரில் ஸ்க்ரூ எண்ணும் என்னை அதுவரை யாரும் சார் என்றதில்லை. உருகிவிட்டேன்.

பான் நம்பர், பிறந்த தேதி, ஆதார், எல்லாம் கத்தினேன். "கேக்கல சார்" என்றான். மறுபடி கத்தினேன். எதிரே மீன்கூடையோடு இருந்த வங்காளி அம்மா என் முழங்காலைத் தட்டினார். "அரே தாதா, முதல்ல கடைசி நம்பர் எட்டுன்னீங்க, இப்ப மூணுங்கறீங்களே." (வங்காளியில் தாதா என்றால் அண்ணன். நன்றி சொல்லித் திருத்திக்கொண்டேன்.) பிறகு ஓடிபி வந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது. அந்த வரியையும் சேர்த்தே வாசித்துக் காட்டினேன்.

ரீஃபண்ட் வந்தது, அவனுக்கு. என் வருமானவரிக் கணக்கில் நுழைந்து, வங்கி விவரத்தை மாற்றி, இல்லாத செலவெல்லாம் காட்டித் திருத்திய ரிட்டர்ன் போட்டிருந்தான். எனக்கு வந்தது நோட்டீஸ். செல்விதான் பிரித்தாள்.

"ஏங்க, ஏதோ கட்சிக்கு ரெண்டு லட்சம் நன்கொடை குடுத்திருக்கீங்களாமே?"

"நான் குடுக்கலடி."

"மிக்ஸி ஜார் மாத்தக் காசில்லன்னீங்க."

புகார் எழுதிக்கொண்ட போலீஸ்காரர், "ஓடிபி வேற யாருக்காவது தெரியுமா?" என்றார். "ஒரு எண்பது பேருக்கு" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நான் திருடனில்லை என்று நிரூபிக்கவே மாதங்கள் ஆயின. அதற்குள் டிக்கெட் விலை எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. செல்வி பட்டுப்புடவையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கல்யாணத்தன்று, சாத்தம் போய் வீடியோ காலில் பார்க்கலாம் என்று கிளம்பினோம். படகு தாமதம். முகூர்த்தம் நடுக்கடலில் வந்தது. பட்டுப்புடவையில், தலைநிறையப் பூவோடு, செல்வி போனைப் பார்த்து, "நல்லா இரு பாப்பா" என்று இன்ஜினுக்கு மேலே கத்தினாள். அந்த மீன்காரம்மாவும் சேர்ந்து அழுதார்.

குரூப் போட்டோ எங்கள் ஹாலில் தொங்குகிறது. மணமக்களுக்குப் பக்கத்தில் மச்சான் ஒரு போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். அதில் பாதி வாய் திறந்தபடி உறைந்துபோன ஒரு முகம். வருகிறவர்கள் யாரென்று கேட்பார்கள்.

"நான்தான்" என்பாள் செல்வி, காபியை நீட்டியபடி. "இவர் கட்சிக்கு நன்கொடை குடுத்த வருஷம்."