நாற்பத்தோராவது எச்சரிக்கை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததையும் சக்கரத்தைக் கண்டுபிடித்ததையும் பெரிதாகச் சொல்லித் திரிகிறோம். இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிற கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. அதுதான் எச்சரிக்கை வாசகம். நெருப்பு சுடும், சக்கரம் ஏறும். ஆனால் 'சுடும்', 'ஏறும்' என்று முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்துவிட்டால், அதற்கப்புறம் சுட்டதும் ஏறியதும் வாங்கியவருடைய பாடு; விற்றவர் நிம்மதியாகத் தூங்கலாம். இந்த நாகரிகத்துக்காகத் தன் வாழ்நாளில் பத்து வருஷங்களை அர்ப்பணித்த ஒரு மாமனிதரைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் வாட்டர் ஹீட்டர் செய்கிற ஒரு கம்பெனியில் கையேட்டுப் பிரிவின் தலைவர். பிரிவில் அவர் ஒருவர்தான் என்பதால் தலைமை தாங்குவதில் சிரமம் இருந்ததில்லை. அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'எச்சரிக்கையார்' என்று கூப்பிட்டார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள், மனிதர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். அவருக்குக் கொடுத்திருந்த அறை முன்னாளில் சோதனைக் கூடமாக இருந்தது. ஹீட்டர்களைச் சோதித்துப் பார்ப்பதை நிறுத்திய பிறகு இடம் சும்மா கிடக்கிறதே என்று அவருக்கு ஒதுக்கினார்கள். தண்ணீர்க் குழாய் இருந்த இடத்தில் இப்போது அவருடைய அலமாரி நின்றது.

கம்பெனியின் வேலைமுறை மிக நவீனமானது. பொருளில் கோளாறு என்று புகார் வந்தால் பாகத்தை மாற்றுவது பழைய காலத்து வழக்கம். இங்கே வாக்கியத்தை மாற்றினார்கள். புகார் நேராக எச்சரிக்கையாரின் மேஜைக்கு வரும். அவர் படித்து, கண்ணை மூடி யோசித்து, கையேட்டில் ஒரு புது எச்சரிக்கையைச் சேர்ப்பார். அதன்பிறகு அது கோளாறு அல்ல, 'பயன்படுத்துவோரின் கவனக்குறைவு'. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது கையேட்டில் மூன்று எச்சரிக்கைகள்தான் இருந்தன. இப்போது நாற்பத்தொன்று.

நாற்பத்தோராவதுதான் அவருடைய தலைசிறந்த படைப்பு. 'இதம்' என்ற மாடலில் தெர்மோஸ்டாட் சில சமயம் ஒட்டிக்கொள்ளும். அளவான சூட்டில் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய அந்தச் சின்னத் தகடு நிறுத்தாமல் விட்டுவிடும். குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் ஆவியோடு சீறிக்கொண்டு வரும். பதினான்கு மாதங்களுக்கு முன்னால் ஒரே மாதத்தில் நான்கு புகார்கள். மேனேஜரே அவருடைய அறைக்கு வந்துவிட்டார்.

"சார், தகட்டை மாத்தணும்னா அத்தனை ஹீட்டரையும் திரும்ப வாங்கணும். நீங்க ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சிது."

எச்சரிக்கையார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பிறந்தது அந்த வரி: 'தண்ணீரைத் தொடும் முன் அதன் சூட்டைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளவும். தவறினால் நிறுவனம் பொறுப்பல்ல.' மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் வாங்கினவன்தான் மாட்டுவான் என்று புரிந்ததும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மனிதரிடம் இன்னொரு நல்ல பழக்கமும் இருந்தது. எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். ஒவ்வொரு எச்சரிக்கையின் வாலிலும், எந்தப் புகாருக்காக அது எழுதப்பட்டது, என்றைக்கு எழுதப்பட்டது என்று எறும்பளவு எழுத்தில் குறித்துவிடுவார். பின்னால் வருகிறவர்களுக்குத் தேட வசதியாக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான். இந்தப் பழக்கம் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. கையேட்டைப் படித்தால்தானே தெரியும்?

பத்து வருஷம் முடித்ததைப் பாராட்டி, எட்டு மாதங்களுக்கு முன்பு கம்பெனி அவருக்கு ஒரு 'இதம்' ஹீட்டரைப் பரிசாகக் கொடுத்தது. மேடையில் கைதட்டல். வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறையில் மாட்டிய அன்று அவருடைய மனைவி கேட்டாள்:

"ஏங்க, இதுல ஏதாவது பாத்து நடந்துக்கணுமா?"

"எல்லாம் கையேட்டுல விலாவாரியா எழுதியிருக்கேன்" என்றார் பெருமையாக. எழுதியதோடு நிற்காமல், ஈரக் கை பட்டுக் கசங்கிவிடக் கூடாதென்று கையேட்டை உறை போட்டு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் சட்டைப் பையில். நாற்பத்தோராவதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எச்சரிக்கை என்பது வாடிக்கையாளர்களுக்கு. மனைவி எந்தக் கணக்கில் வாடிக்கையாளர்?

அவள் ஒரு பேக்கரியில் கேக் மீது பெயர் எழுதுகிறவள். க்ரீம் பையை வலது கையில் பிடித்து அழுத்திக்கொண்டே ஒரே இழுப்பில் எழுதிவிடுவாள். அழித்து எழுதுகிற பேச்சே கிடையாது. பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் 'அந்த அக்கா எழுதினாத்தான் வேணும்' என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. கணவர் நாற்பத்தொரு வாக்கியங்களில் சொன்னதைவிட அவள் நாலு எழுத்தில் சொன்னதுதான் அதிகம் பேரைச் சென்றடைந்தது. இது அவருக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் வாளிக்கு மேலே கையை நீட்டிக் குழாயைத் திறந்தாள். அவர் கண்ணாடி முன் நின்று சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். அவள் போட்ட அலறலில் பட்டன் கையோடு வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் குளியலறை முழுக்க ஆவி. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வலது கை வெந்து, தோல் வழன்று கிடந்தது. ஐயோ என்று அவரும்தான் கத்தினார். அதை மறுப்பதற்கில்லை. ஆட்டோ பிடித்து, அவள் தோளைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் அவருடைய வாய் என்னவோ முணுமுணுத்தது. சாமி பெயரைச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். அவர் சொன்னது நாற்பத்தோராவது எச்சரிக்கையை.

"ரெண்டு விரல் முழுசா நீட்ட வருமான்னு இப்போ சொல்ல முடியாது. பயிற்சி செஞ்சு பாக்கணும். மூணு மாசம் ஆகும்" என்றார் டாக்டர்.

"க்ரீம் பை பிடிக்க வருமா டாக்டர்?"

"முதல்ல ஸ்பூன் பிடிக்கட்டும்மா."

அன்றைக்கு அவள் அழுதாள். மறுநாள் அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, தான் சொல்லச் சொல்ல எழுதவைத்து, கம்பெனிக்குப் புகார் அனுப்பினாள். கம்பெனி விதிமுறைப்படி அது எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று. வாரக் கடைசியில் எச்சரிக்கையாரின் மேஜையில், 'புகார் எண் 219' என்ற முத்திரையோடு, அவருடைய சொந்த வீட்டு முகவரி கிடந்தது.

வேறு யாராக இருந்தாலும் தடுமாறியிருப்பார்கள். அவர் கடமையில் பாசத்தைக் கலக்காதவர். கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார், தண்ணீர் குடித்தார், பிறகு வழக்கமான பதிலை டைப் செய்து தபாலில் சேர்த்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவள் கையிலேயே கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு அலுவலக நடைமுறை தெரியாது என்று அர்த்தம்.

மேனேஜர் இரக்கப்பட்டார். "உங்க வீட்லயே இப்படி ஆனது எனக்கு ரொம்ப வருத்தம் சார். அந்த ஹீட்டரை மட்டும் கழட்டிக் கொண்டுவந்துடுங்க, புதுசு தர்றோம். அப்புறம்… நாப்பத்திரெண்டாவது ஒண்ணு தேவைப்படும்போல இருக்கே?"

எச்சரிக்கையார் அன்று சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுத்தார்: 'வலது கையால் தொழில் செய்வோர் குழாயை இடது கையால் திறக்கவும். தவறினால் நிறுவனம் பொறுப்பல்ல.'

ஹீட்டரைக் கழற்ற வந்த மெக்கானிக்கை அவருடைய மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"என் கைக்கட்டைப் பிரிக்கிற வரைக்கும் இதையும் பிரிக்கக் கூடாது. போயிட்டு வாப்பா."

"கம்பெனி பொருள்தானேம்மா…" என்று கணவர் இழுத்தார்.

"கை என்னுதுங்க."

இரண்டாம் நாள் தபால் வந்தது. அவள் இடது கையால் உறையைக் கிழித்துப் படித்தாள். 'அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். எச்சரிக்கை 41ஐத் தாங்கள் பின்பற்றவில்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறோம். கையேட்டைக் கவனமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.' கீழே கையெழுத்து. பதினேழு வருஷமாகப் பார்த்துப் பழகிய கையெழுத்து. அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது நீங்க எழுதினதா?"

"அது… பொதுவா எல்லாருக்கும் போறதுதான்."

"டிராயர் சாவியைக் குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் கையேட்டை எடுத்துப் படித்தாள். முதலிலிருந்து கடைசிவரை கையேட்டைப் படித்து முடித்த முதல் வாடிக்கையாளர் அவள்தான். வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த அந்தத் தருணத்தில் அவர் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் வக்கீலைப் பார்க்கப் போனார்கள். சலவைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. அறை முழுக்க இஸ்திரிப் பெட்டியின் வாசனை. வக்கீலம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி:

"ஹீட்டர் எங்க இருக்கு?"

"மாட்டின இடத்துலயே இருக்கு. யாரையும் தொட விடல."

"நல்ல வேலை பண்ணீங்க. அதுதான் முக்கியமான சாட்சி. ஆஸ்பத்திரிச் சீட்டு, கையோட போட்டோ, கம்பெனி அனுப்புன லெட்டர், எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. சட்டத்துல மூணு வழி இருக்கு. ஒண்ணு, செய்யுறப்பவே கோளாறா செஞ்சது. ரெண்டு, வடிவமைச்சதே தப்பு. மூணு, ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சும் எச்சரிக்காம விட்டது. இருங்க, கையேட்டைப் பாத்துடறேன்."

வக்கீலம்மா படித்தார். புருவம் உயர்ந்தது. பக்கத்தைத் திருப்பினார். இன்னும் உயர்ந்தது.

"அடேங்கப்பா! மூணாவது வழி கம்பெனி மேல நிக்கவே நிக்காதும்மா. இதுல எச்சரிக்கையைத் தவிர வேற ஒண்ணுமே இல்ல. எவன் எழுதினானோ, படு கில்லாடி."

எச்சரிக்கையாரின் நெஞ்சு விம்மியது. பத்து வருஷத்தில் கற்றறிந்த ஒருவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. 'நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் மனைவியின் கைக்கட்டைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"ஆமா, இது என்ன பொடி எழுத்து?" வக்கீலம்மா மேஜையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். "நாப்பத்தொண்ணாவதுக்குக் கீழ… 'புகார் 187, 190, 196, 203'. பக்கத்துல தேதி. பதினாலு மாசத்துக்கு முன்னாடி!"

"நாலு புகார் வந்த அப்புறம் எழுதினது" என்றார் எச்சரிக்கையார், தன் ஒழுங்குமுறையை ஒருவர் கவனித்துவிட்ட சந்தோஷத்தில். "எல்லாத்துக்கும் அப்படிக் குறிச்சிருக்கேன்."

வக்கீலம்மா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அப்போ கம்பெனிக்குக் கோளாறு தெரியும். தெரிஞ்சே வித்திருக்காங்க. அதை அவங்களே அச்சடிச்சு ஒவ்வொரு பெட்டியிலயும் போட்டு அனுப்பியிருக்காங்க! ஐயா, என் சர்வீஸ்ல இப்படியொரு ஒப்புதல் வாக்குமூலத்தை நான் பாத்ததே இல்ல. முதல் ரெண்டு வழியும் ஜம்முனு நிக்கும். இந்தத் தகட்டை எல்லா வீட்லயும் மாத்தித் தரச் சொல்லியும் கேக்கலாம்."

"அதைத்தான் முதல்ல கேக்கணும்" என்றாள் மனைவி. "இன்னும் எத்தனை வீட்ல யார் கையை நீட்டப்போறாங்களோ."

எச்சரிக்கையாருக்கு வேலை போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டார். மனைவியின் வழக்கை ஜெயிக்கவைப்பது தன்னுடைய எழுத்துதானே? தானே முக்கிய சாட்சியாகக் கூண்டில் ஏறி நிற்பதுபோலவும், நீதிபதி தலையசைத்துக் கேட்பதுபோலவும் ஒரு காட்சி மனதில் ஓடியது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம் மேடம்" என்றாள் மனைவி. "அந்த மூணாவது வழி. தெரிஞ்சும் எச்சரிக்காம விட்டது. அது கம்பெனி மேலதான் நிக்காதா, யார் மேலயும் நிக்காதா?"

"ஏம்மா கேக்கறீங்க?"

"இந்த ஹீட்டர் எட்டு மாசத்துக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துது. அதுக்கு ஆறு மாசம் முந்தியே இவருக்கு எல்லாம் தெரியும். ஏதாவது பாத்து நடந்துக்கணுமான்னு நான் வாயைத் தொறந்து கேட்டேன். ஊர் பேர் தெரியாதவங்க வீட்டுக்கெல்லாம் நாப்பத்தோரு தடவை சொன்னவரு, எனக்கு ஒரு தடவை சொல்லல."

கீழே சலவைக் கடையில் யாரோ துணியை உதறும் சத்தம் கேட்டது. வக்கீலம்மா பேனாவின் மூடியைத் திறந்தார்.

எச்சரிக்கையார் பதில் சொல்ல முயன்றார். நாற்பத்திரண்டு வாக்கியங்களும் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றும் 'பொறுப்பல்ல' என்றே முடிந்தது. வேறு விதமாக ஒரு வாக்கியத்தை முடிக்க அவருக்கு வரவில்லை.

"வீட்ல பேசி முடிச்சுக்கலாமேம்மா…" என்றார் கடைசியில், மெல்ல.

அவள் அவரைப் பார்க்காமல், படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, இடது கையால் பேனாவைப் பிடித்தாள். எழுத்து கோணல்மாணலாக வந்தது. ஆனாலும் அழிக்காமல் எழுதினாள். 'எதிர்த்தரப்பு 1: கம்பெனி. எதிர்த்தரப்பு 2: என் கணவர்.'

"ரெண்டாவது ஆளுக்கு நோட்டீஸ் எந்த முகவரிக்கு அனுப்பணும்மா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"என் வீட்டுக்குத்தான். தபால்லயே அனுப்புங்க மேடம். வாயால சொல்ற பழக்கம் இவருக்குக் கிடையாது."